எட்டு எழுத்து

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
கோயிலுக்கும் அந்த அறைக்கும் அவ்வளவுதான் ஒற்றுமை,
இங்கே சாமிக்கு ஏசி இருந்தது.
எண்பத்து நாலாம் வருஷம்,
சூயாக் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை,
சம்பளப் பிரிவு.
கறுப்புத் திரையில் பச்சை எழுத்து.
நான் தொட்ட முதல் கம்ப்யூட்டர்
முதலில் கேட்டது பெயரை.
பதிலுக்கு அது விட்டிருந்த இடம்
எட்டுக் கட்டம்.

செல்லென் நுழைந்தார்.
வீரசாமிக்கு வால் போயிற்று.
நான் அப்போது அப்பாவு வீட்டுப் பெண்,
ஏழு எழுத்து, தலை இடிக்காமல் நுழைந்தேன்.
மறுவருஷம் சூப்ராயென் வீட்டு மருமகள்;
கடைசி எழுத்தைச்
செருப்போடு வாசலில் விட்டேன்.

எடைமேடையில் ஒருவர் இருந்தார்.
அவர் பாட்டனாருக்குப் பாட்டனார்
கப்பல் ஏறும்போது மருதமுத்து.
இறங்கியபோது
எழுதியவன் காதில் விழுந்தது மார்தேமூட்டூ.
என் திரையில் மார்தேமோ.
பன்னிரண்டில் எட்டு.

சனிக்கிழமைதோறும் சம்பளச் சீட்டை வாங்கி
முதல் வேலையாக, பாக்கெட்டிலிருந்து பேனா எடுத்து,
விட்டுப்போன நாலெழுத்தை
ஒட்டி எழுதுவார்.
பிறகுதான் பணத்தை எண்ணுவார்.
போர்ட் லூயியிலிருந்து வந்த எஞ்சினியரிடம் கேட்டேன்.
"இடம் காசு, மாடாம்" என்றான்.
மேலதிகாரிகளின் நீண்ட பிரெஞ்சுப் பெயர்கள்
அந்தப் பட்டியலில் இல்லை.
அவர்களுக்கு வேறு பதிவேடு,
தோல் அட்டை போட்டது.

சொந்தமாக ஒன்று வாங்கியது தொண்ணூற்று மூன்றில்.
ரீயூனியனிலிருந்து திரும்பிய ஒருவர் விற்றார்,
பதினெட்டாயிரம் ரூபாய்,
கூட்டுறவுக் கடன், இருபது மாதத் தவணை.
கேத்ர் போர்னில் எங்கள் சாப்பாட்டு மேசை
அன்றோடு சாப்பாட்டு மேசையாக இருப்பதை நிறுத்தியது.
சர்வனேன் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்,
குறை சொல்லவில்லை என்று
அடிக்கடி சொன்னார்.

ஜனவரிக் கடைசியில் மார்தேமூட்டூ வந்தார்.
பென்ஷன் ஆபீசில் கேட்டார்களாம்:
"மார்தேமோ யார்? நீங்கள் யார்?"
இருவரும் ஒருவரே என்று ஆலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்.
ஆலை, பார்க்கலாம் என்றது.
பார்க்கலாம் என்றால் என்ன என்று
பத்து வருஷம் அங்கே இருந்த எனக்குத் தெரியும்.

அன்றிரவே உட்கார்ந்தேன்.
பிரெஞ்சு விசைப்பலகை, உள்ளே ஆங்கில அமைப்பு.
எம்மைத் தட்டினேன்: அரைப்புள்ளி.
ஏயைத் தட்டினேன்: கியூ.
நூற்று ஐம்பது வருஷமாகத் தேய்ந்த பெயர்
என் வீட்டில், என் பணத்தில் வாங்கிய மெஷினில்
அரைப்புள்ளியில் தொடங்கியது.
சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
எந்த எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று
தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டு படுத்தேன்.

பிறகு ஹொலாண்டா புயல்.
கல்யாணப் போர்வையில் சுற்றி, மேலே மேசை விரிப்பைக் கட்டி,
அலமாரி உச்சியில் ஏற்றினோம் கம்ப்யூட்டரை.
"புயல் முடிந்ததும் எங்களையும் இறக்கிவிடு"
என்றாள் தெவினா, மேசைக்கடியிலிருந்து.
பத்தொன்பது நாள் கரண்ட் இல்லை.
இருபதாம் நாள் சுவிட்சைப் போட்டேன்.
முதல் சத்தம் பல்லி.
இரண்டாவதுதான் மெஷின்.
எந்தத் திசையில் சொன்னது என்று மாமியார் கேட்டார்.
சி டிரைவ் திசை என்றேன்.

கடிதம் பிரின்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.
ஆலை முத்திரை என் மேசை டிராயரில்தான் இருக்கும்.
யாரைக் கேட்டுக் குத்தினேன் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

மார்தேமூட்டூ படிக்கவில்லை. பெயரைத் தேடி
விரல் வைத்து எண்ணினார்.
பன்னிரண்டு.
பையிலிருந்து நாலு சூசூக் காயை எடுத்து
கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.
பேனாவை எடுக்கவில்லை.

எத்தனையோ மெஷின் மாறிவிட்டது.
பேரன் கேட்கிறான், பாஸ்வேர்டு என்ன என்று.
சொல்லமாட்டேன்.
பன்னிரண்டு எழுத்து.
இரண்டாவதை மட்டும் விரல் இன்னும்
தப்பான இடத்தில் போய்த் தேடும்.