மூன்றாம் அறைக்குப் பின்னால்

முதலில் அது வெறும் முனகல்.
மாசியில் ஆட்கள் இல்லாத கிழமை,
ஒருவரும் கேட்கவில்லை.
மறுகா பங்குனி முடியமுதல்
மா அரைக்கிற மில்லைப் போலக் கத்தத் தொடங்கிற்று.

மூன்றாம் அறை ஜெர்மன்காரி
காலைச் சாப்பாட்டில் இரண்டு காதையும் பொத்திக் காட்டினாள்.
சிரித்துக்கொண்டே பப்பாசித் துண்டு வைத்தேன்.
சிரிப்பும் என் சம்பளத்துக்குள்தான் வருகிறது.

அறுபது எட்டு நடந்தால் கடல்.
அரை மைல் உள்ளே போனாலும் இடுப்புக்கு மேல் ஏறாத பாசிக்குடாக் கடல்.
மோட்டர் இல்லை, குளோரின் இல்லை,
கரண்ட் பில் இல்லை.
ஆனாலும் நீச்சல் தடாகம் இருக்கிறதா என்றுதான்
முதல் கேள்வி கேட்கிறார்கள்.

மோட்டரின் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று
ஒருவருக்கும் தெரியாது. உப்பு தின்றுவிட்டது.
இங்கே எதிலும் உப்புக்கு ஒரு பங்கு உண்டு:
கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின்,
வரவேற்பு மேசை மணி,
போன வருசம் வாங்கிய என் மூக்குத்தியின் சுரை.

ஓட்டமாவடியிலிருந்து நிப்றாஸ் வந்தான்.
நீளத் திருப்புளியின் நுனியை மோட்டரில் ஊன்றி
பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வைத்து
கண்ணை மூடினான்.
வைத்தியர்கூட என் நெஞ்சை
இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

கழற்றினான். கொயிலை மோந்தான்.
"கருகின வாசமில்ல, கொயில் நல்லா இரிக்கி.
பெயாரிங் ரெண்டும் போயிட்டு, சீலும் ஒழுகுது.
பதினாலாயிரம் வரும்.
ஒரு சீசன் ஓடும் எண்டு செல்லுவன்.
ரெண்டு ஓடும் எண்டு செல்லமாட்டன்."

புதியது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
மட்டக்களப்புக் கடைக்காரர்
விலைப் பத்திரத்தில் சீல் குத்தித் தந்தார்.
சத்தமே வராதாம்.
ஓடுகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டி வருமாம்.

சூரிச்சிலிருந்து முதலாளி எடுத்தார்.
"பழசைத் தூக்கி எறி தமயந்தி,
நல்லதா ஒண்டு வாங்கு" என்றார்.
அதே மூச்சில்,
"கையில இருக்கிற காசுக்குள்ள பாத்துச் செய்" என்றார்.
இரண்டையும் எழுதி வைத்தேன்.

சலவைக் கணக்குத் துண்டின் பின்பக்கம்
கூட்டினேன், கழித்தேன்.
பதினாலாயிரத்தைப் பதினைந்து தரம் கொடுத்தால்
ஒரு புது மோட்டர்.
பதினைந்து சீசன் நான் இங்கே இருப்பேனா?
அந்தக் கணக்கு துண்டில் அடங்கவில்லை.

இரண்டு நாள் மோட்டர் நிலத்தில் குடல் பிரிந்து கிடந்தது.
தண்ணீர் முதலில் மங்கியது,
பிறகு முருங்கையிலைச் சொதிபோலப் பச்சை.
ஒரு தவளை ஏணியின் இரண்டாம் படியில் குடிவந்தது.
ஜெர்மன்காரி அதைப் படம் எடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.
அந்தக் கத்தல்தான்
கரண்ட் இருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது,
எழும்பத் தேவையில்லை என்று
இத்தனை நாள் எனக்குச் சொல்லியிருக்கிறது.
இப்போது தூரத்து நாய் குரைத்தாலும் எழும்பினேன்.
விடியப்புறம் நிப்றாசுக்கு எடுத்தேன்:
"பெயாரிங்கையே போடுங்க."
பயத்தில் சொன்னேனா, யோசித்துச் சொன்னேனா
என்று கேட்டால்
சலவைத் துண்டைத்தான் காட்டுவேன்.

இப்போது அது வாய் மூடி ஓடுகிறது.
பத்து மணிக்கு ஒரு தரம்,
படுக்கமுதல் ஒரு தரம் போய்
உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
இளஞ்சூடு. மெல்லிய நடுக்கம்.

கழற்றிய பெயாரிங் ஒன்று என் மேசையில் இருக்கிறது,
காற்றுக்கு விலைப் பத்திரம் பறக்காமல்.
விரலால் சுழற்றினால்
அந்த மில் இன்னும் கத்துகிறது, சின்னதாக.
பத்திரம் முப்பது நாளைக்குத்தான் செல்லும்.
இன்று இருபத்தாறு.