எண் ஏழு

தார்த்துவில் பிப்ரவரி.
பாலத்துக்கு அடியில் ஆறு
பாதி உறைந்து, மீதி யோசித்துக்கொண்டிருந்தது.

பொத்தான் இல்லை, படம் இல்லை.
கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கர்சர்.
யாரோ வந்து உட்கார்ந்து ஒரு சொல் தட்டுவார்.
அது என்ன சொல் என்பதுதான் என் வேலை.

மூன்று வாரம் வினைச்சொற்களோடு குடித்தனம்.
'சேர்' உடனே வந்து சேர்ந்தது.
'முடி'க்கும் 'அழி'க்கும் நடுவில்
இன்ட்ரெக்கும் நானும் சூப் ஆறும்வரை சண்டை.
முடிந்தது அழிந்ததுதானே, எதற்கு இரண்டு என்றான்.
விவாகரத்து ஆனவளிடம் பேசுகிறாய், ஞாபகம் இருக்கட்டும் என்றேன்.
இரண்டும் இருந்தன.

பட்டியலுக்குக் கட்டம் கட்டினேன்.
தாமதமானது சிவப்பு, இன்றைக்கு உள்ளது மஞ்சள்.
மூலைகளை வளைக்கவே ஒரு ஞாயிறு போனது.
எல்லாம் சரியாக நடந்தால் நிரல் வாய் திறக்காது,
தப்பு நடந்தால்தான் பேச்சு.
எங்கள் தொழிலில் அது மரியாதை.
எஸ்தோனியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

வில்யாந்தியிலிருந்து ஆஹ்தோ எழுதினார்,
புகைக்கூண்டு துடைப்பவர்களுக்கு வேலை பங்கிடுபவர்:
'உங்கள் பட்டியலைக் கேட்டேன்.'

கேட்டேன் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
அப்புறம் திரையை அணைத்துவிட்டு
அவர் வைத்திருக்கும் அதே வாசிப்புக் குரலை ஓடவிட்டேன்.

கிடைக்கோடு கிடைக்கோடு கிடைக்கோடு
நிலைக்கோடு மூன்று நிலைக்கோடு பள்ளிக்கூடப் புகைக்கூண்டு
நிலைக்கோடு கிடைக்கோடு வளைந்த மூலை

என் ஞாயிறு முழுவதும் காதுக்குள் உருண்டது.
சிவப்பு மட்டும் சத்தமே போடவில்லை.

இன்னும் எழுதியிருந்தார்:
'முடி 4' என்கிறேன். பதில் இல்லை.
செய்தாயா, செத்தாயா?
கோப்பையை மேசையில் வைத்தால்கூட
டக் என்று ஒரு சத்தம் வருகிறதே.

பிறகு இது:
ஒன்றை முடித்தால் கீழே உள்ளவை எல்லாம்
படி ஏறிக்கொள்கின்றன. நேற்றைய ஏழு இன்றைக்கு ஆறு.
ஏழு நகர்வது எனக்குச் சரிப்படாது.

மாதிரிக்குத் தன் ஃபைலை இணைத்திருந்தார்.
ஏழாவது வரி: மல்லேவைக் கூப்பிட.
குறித்த நாள் மூன்று வருடம் முந்தையது.
காலைதோறும் 'தள்ளு 7'.
தள்ளு, தள்ளு, தள்ளு என்று போகிறது பதிவு,
ஒரு கிறிஸ்துமஸ் அன்று மட்டும் இரண்டு தடவை.

மல்லே யார் என்று கேட்க
என்னிடம் கட்டளை இல்லை.

கட்டங்களைப் பிரித்தேன்.
எண்களுக்கு ஆணி அடித்தேன்:
பிறந்த எண் கடைசிவரை,
போனவரின் எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை.
முடிந்தால் ஒரு வரி, '4 முடிந்தது', அவ்வளவுதான்.
சிவப்புக்குப் பதில் 'தாமதம்' என்று எழுதினேன்.
எழுதி என்டர் தட்டிய பிறகுதான் உறைத்தது,
இதை அவர் தினமும் காலையில் கேட்பார்.
'காத்திருக்கிறது' என்று மாற்றினேன்.
அது துல்லியம் இல்லை என்றான் இன்ட்ரெக்.
இல்லைதான்.

ஏப்ரலில் இரண்டு வரி வந்தது:
டக் கேட்கிறது. ஏழு ஏழிலேயே இருக்கிறது.
பனி போனதால் கூண்டு வேலை குறைவு.

உதவிப் பக்கம் பாக்கி.
தள்ளு: வேலையை நாளைக்கு மாற்றும்.
எத்தனை தடவை வரைக்கும் என்று போட வேண்டாமா
என்று இன்ட்ரெக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
நான் வரம்பு எதுவும் எழுதவில்லை.