கதவு சாத்தாத நாள்

டிசம்பர் இருபத்தொன்று. மூன்றரை மணி.
வேல்ஸின் மேற்குச் சரிவில் கணுக்கால் வரை சேறு.
டெக்வின் வரைபடத்தை மடிக்கிறான்,
காற்று விரிக்கிறது.

மேட்டில் மூன்று கற்கள்,
செம்மறிகள் முதுகு தேய்த்துத் தேய்த்து
தொடையளவில் வழவழப்பானவை.
பிளவில் ஒரு கொத்து நனைந்த கம்பளி.

"வருஷத்தின் கடைசிக் குட்டைப் பகல்
அந்த இரு குன்றின் இடுக்கில்தான் விழும்,
கற்கள் சொல்கின்றன" என்கிறான்.

நான் நில அளவைக்காரி,
வேலித் தகராறுகளில் சம்பாதிப்பவள்.
இரண்டு கல் கிடந்தால்
எங்கும் ஒரு கோடு வரும், டெக்வின்.

சூரியன் இறங்கியது.
இடுக்குக்கு ஒரு விரல் இடப்பக்கம்
குன்றின் தோளில் சாய்ந்து
அணைந்தது.
அவன் தெர்மாஸை மூடிய சத்தத்தில்
நான் ஜெயித்தது கேட்டது.
சந்தோஷமாக இல்லை.

திரும்பினோம்.
வலப்பக்கம் அறுபது தப்படியில் இட்வாலின் ஆட்டுக் கதவு.
ஒரு கால் மரம். மறுகால் கல்,
அதே சாம்பல், அதே மஞ்சள் பாசி,
மார்பில் இரும்புக் கீல் அறைந்திருந்தது.

தாழ்ப்பாளைத் தூக்கினேன்.
மணிக்கட்டு சிவந்தது.
நிமிர்ந்தால்
அணைந்த சூரியன்
இடுக்கின் அடியில், முழுசாக,
உலைவாய் போல.

அந்தக் கல் அங்கேயே நின்றதா,
எவரோ எங்கிருந்தோ இழுத்து வந்து நட்டதா,
இட்வாலுக்கும் தெரியாது.
மறுநாள் காலை போனில்
அவர் கத்தியது வேறு விஷயம்:

கதவைத் திறந்துபோட்டுப் போன
மடையர் யார்?
நாற்பது ஆடுகள்
சாலையில்.