உச்சிமாகாளியின் பிறந்த தேதி

குலவணிகர்புரம் கேட் அடைத்துவிட்டார்கள்.
ஹாரன் சத்தம் மாடிவரை ஏறி வருகிறது.
என் திரையிலும் வரிசைதான்:
ஐந்து தடம், ஐந்திலும் ஆள்,
ஆறாவதாக நான்.

மேலப்பாளையத்துக்குப் போன் போட்டேன்.
"ஏட்டி பாத்து, ஒரு செஷனையாவது மூடுட்டி."
"மூடிட்டம்லா. அது சாவாம கெடக்கு.
பத்து நிமிசத்துல தானா போயிரும்."

வாடகை உலாவி, நிமிடக் கணக்கு.
எந்த நாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறதோ.
அதை நான் தொட்டதில்லை.
இடையில் இருப்பது ஒரு நூலகம்.
நூலகம் என்றுதான் பெயர்,
புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.
இந்தப் பதிப்பு, இந்த இயங்குதளம்,
இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று
சீட்டெழுதி நீட்டினால்
உள்ளே போய் ஓர் உலாவியை எடுத்து வரும்.
சாவியைத் தனிக்கோப்பில் வைத்திருக்கிறேன்.
போன மாசி மாதம் நிரலோடு சேர்த்து அனுப்பிவிட்டு
விடிய விடியப் பூட்டு மாற்றியவள் நான்.

விண்ணப்பதாரர் பெயர் உச்சிமாகாளி.
நான் வைத்தது.
தகப்பனார் சோதனைமுத்து.
கதவு எண் ஒன்று, ஒன்றாம் தெரு, மானூர்.
பீடித் தொழிலாளர் ஓய்வூதியம் கேட்டு
காலையிலிருந்து நாற்பத்தொரு முறை மனுப் போட்டுவிட்டார்.
ஒருமுறையும் சலித்துக்கொள்ளவில்லை.
பிறந்த தேதி: ஜூன் பத்து.
நாற்பத்தொரு முறையும் பச்சை.

ஆனால் முக்கூடலிலிருந்து பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள்:
பத்து என்று போட்டால் ஒன்பது என்று விழுகிறது,
ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, நிராகரிப்பு.
ஒரு அம்மாள் நேரில் வந்து கேட்டாளாம்,
"நான் பொறந்தது எனக்குத் தெரியாதா?"

நாற்பத்திரண்டாவது மனுவின் நடுவில்
இங்கே கரண்ட் போய்விட்டது.
இன்வெர்ட்டர் ஒரு முனகல் முனகி அடங்கியது.
அங்கே போகவில்லை.
பிறகு பதிவான காணொளியில் பார்த்தேன்:
'உச்சிமா' வரை எழுதிவிட்டு
அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது கட்டம்.
கோடு துடிக்கிறது, துடிக்கிறது.
தொண்ணூறு விநாடி.
அப்புறம் யாரும் வரவில்லை என்று
தானே மூடிக்கொண்டது.
நான் இல்லாததை யாரோ படம் பிடித்து
எனக்கே அனுப்பியது போலிருந்தது.

காணொளியின் மூலையில் ஒரு கடிகாரம்.
அதை அதுவரை கவனித்ததில்லை.
இங்கே மாலை ஏழே கால்.
அங்கே மத்தியானம் ஒன்றே முக்கால்.

ஐந்தரை மணி நேரம்.

நிரல் எல்லோரையும் நள்ளிரவில் பிறந்தவர்களாகத்தான் எழுதும்.
பிறகு லண்டன் கணக்குக்கு மாற்றும்.
அங்கேயே நிற்கிற இயந்திரத்துக்கு
மாற்ற ஒன்றுமில்லை; பத்து பத்தாகவே இருக்கும்.
முக்கூடல்காரர்கள் மட்டும்
முந்தின நாள் சாயங்காலம் ஆறரைக்குப் பிறந்துவிடுகிறார்கள்.

சீட்டில் ஒரு வரி கூட்டினேன்: நேர வலயம்.
பட்டியலில் திருநெல்வேலி இல்லை,
சென்னையும் இல்லை.
கொல்கத்தா இருந்தது, சரி என்று அதைப் போட்டேன்.

தடம் ஒழிந்தது.
உலாவி திறந்தது.
உச்சிமாகாளி நம் ஊர் நேரத்தில்
முதல்முறையாக மனு எழுதினார்.
பெயர், தகப்பனார், தெரு.
பத்து என்று தட்டியது நூலகம்.
அடுத்த பக்கத்தில் ஒன்பது.

சிவப்பு.

எழுந்து நின்று கை தட்டினேன்.
தோற்றதற்குக் கை தட்டுகிறவளைப் பார்த்து
எதிர்மாடியில் துணி எடுத்த பையன் சிரித்தான்.

"பாத்து, கிட்டிருச்சுட்டி."
"என்னது, மாப்பிள்ளையா?"
"ஐந்தரை மணி நேரம்."
"அப்ப நான் நாளைக்கு எல்லாத்தையும் திரும்ப ஓட்டணுமா?"
"எல்லாத்தையும்."
போனை வைத்துவிட்டாள்.

கீழே ரயில் போய் முடிந்து
கேட் தூக்குகிற சத்தம்.
ஹாரன்கள் ஒன்றாக அலறின.
திருத்தம் இன்னும் எழுதவில்லை.
தோசைக்கு மாவு இருக்கிறதா என்று
பாதிப் படி இறங்கியவள்
திரும்ப ஏறி வந்தேன்,
உலாவியை மூடினேனா என்று பார்க்க.