மலை மூடியிருக்கிறது

சால்ட்ஃபியெல் கணவாயில் தடுப்புக் கம்பம் இறங்கிவிட்டது.
காற்று தணிந்தால் ஒன்பது மணிக்கு
பனிவாரிக்குப் பின்னால் வரிசையாகப் போகலாம் என்றார்கள்.
பிறகு பதினொன்று என்றார்கள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
என் லாரியில் பத்தொன்பது டன் சால்மன்
பனிக்கட்டிக்குள் கண் மூடாமல் கிடக்கிறது.

உணவகத்தில் நாங்கள் நான்கு ஓட்டுநர்கள்,
வாஃபிள் அச்சில் மாவு ஊற்றியபடி மாரெத்.

எய்லெர்ட்தான் ஆரம்பித்தான்.
சரக்குச் சீட்டின் பின்பக்கம் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு
"ஆயுசுக்கும் பிடிச்ச வீடியோ கேம். வரிசையாச் சொல்லணும்.
பொய் சொன்னா எல்லாருக்கும் காபி."
ஐம்பத்தாறு வயது, மீசையில் சர்க்கரை.

அவனுடைய முதலிடம்
கேசட்டில் வந்த ஏதோ முத்துக்குளிப்பு ஆட்டம்.
இருபது நிமிடம் கீச்சிட்டு ஏறும்;
அம்மா கதவை அறைந்து சாத்தினால் மறுபடி முதலிலிருந்து.
"ஆடினதைவிடக் காத்துக் கிடந்ததுதான் ஜாஸ்தி.
என்ன வேலைக்குப் போவேன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

தூர்ஃபின் அதை ஏழுக்குத் தள்ளினான்.
"ஏழா? ஏழாம் இடம்ங்கிறது
பேர் மறந்துபோன ஆளோட சாவுக்குப் போயிட்டு வர்ற மாதிரி."
பேனா இருவர் கைக்கும் நடுவே இழுபட்டது.

தூர்ஃபினுக்கு வாள் சண்டை.
ஒரே அரக்கனிடம் இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்தானாம்.
அடுத்த முறை ஜெயித்தபோது விடிகாலை மூன்று மணி,
சொல்ல ஒருவரும் விழித்திருக்கவில்லை.
வெளியே போய் வாசல் பனியெல்லாம் வாரினான்,
பக்கத்து வீட்டுப் பனியையும்.

விகாந்தாஸ் மெல்லச் சொன்னான்:
"லாரி ஓட்டுற கேம்."

மேசையே குலுங்கியது.
மாரெத்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
பகலெல்லாம் லாரி, ராத்திரி படுக்கையிலும் லாரியா!

"அதுல லாரி என்னோடது" என்றான். "கடன் அடைச்சாச்சு.
வெள்ளிக்கிழமை ஆனா எங்க ஊர் வழியாப் போவேன்.
என் வீடு இருக்கிற இடத்துல
ஒரு மரம்தான் வரைஞ்சிருக்காங்க.
அங்க ஹாரன் அடிப்பேன்."

எய்லெர்ட் யாரையும் கேட்காமல்
இரண்டு என்ற எண்ணுக்கு எதிரே எழுதினான்.
"ஆனா கிராஃபிக்ஸ் சுமார்தான்" என்று தூர்ஃபின் முனகினான்.

என் முறை.
எல்லோரும் தலையாட்டும் பெயர் ஒன்றைச் சொன்னேன்,
விருது வாங்கியது, நல்ல இசை, சோகமான முடிவு.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
மூன்றாம் இடம்.

உண்மையில் அது ஃபோனில் வந்த இலவச ஆட்டம்.
சட்டைப் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும், அவ்வளவே.
மகள் இடது கையில் மட்டுமே தூங்கிய குளிர்காலம் அது.
இறக்கி வைத்தால் விழித்துக்கொள்வாள்.
அவளுடைய அப்பா சாமான்களை எடுத்துப் போயிருந்தார்,
திரைச்சீலைக் கம்பி உட்பட.
வலது கட்டைவிரல் சிவப்பைச் சிவப்போடு சேர்த்தது,
நீலத்தை நீலத்தோடு.
நடுவே தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம்.
அதற்கு முடிவு கிடையாது; ஜெயிக்கவும் முடியாது.
பதினாறு வயதாகிவிட்ட மகள் சொல்கிறாள்,
அதெல்லாம் கேமே இல்லை என்று.

ஒன்று இருபதுக்கு மஞ்சள் விளக்கு சுழன்று வந்தது.
சீட்டில் ஐந்தாம் இடத்தின்மேல் வெண்ணெய்க் கறை,
ஆறிலிருந்து பத்துவரை சண்டை தீரவில்லை.
என்ஜின்கள் ஒவ்வொன்றாய் இருமின.

மேலே ஏற ஏற
முன்னால் போகும் சிவப்பு விளக்கு தவிர உலகம் இல்லை.
ரேடியோவில் எய்லெர்ட்:
"அந்த மூணாவதை மாத்தணும். ஏதோ இடிக்குது.
அதுக்காக யாருமே சண்டை போடல பாரு."

மைக்கின் பொத்தானில் கட்டைவிரல் வைத்தேன்.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
கண்ணாடியில் பனி முட்டி முட்டி விழுந்தது.

"எத்தனாவது லெவல்?" விகாந்தாஸ்.

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பது."

"நான் ரெண்டாயிரம் தாண்டிட்டேன்" என்றான்.
"பச்சைப் பொத்தான்தான் கஷ்டம்."

"காபி இங்குன் கணக்கு" என்றான் தூர்ஃபின்.