ஏழாம் நம்பர் மலை

லயத்தில் சிக்னல் இல்லை.
ஏழாம் நம்பர் மலையில், பாறைக்கு மேல்பக்கம்,
நாலு நிரைக்கு மட்டும் இருக்கிறது.

பெரட்டுக்குப் புறப்படும்போது துஷாந்தினி
போனைச் சொப்பிங் பையில் சுற்றித் தருவாள்.
"ஒண்ணையும் அமத்தாதம்மா,
பாடம் தானா எறங்கும்."

அந்த நாலு நிரையை
நான் யாருக்கும் விடுவதில்லை.
மழை. அட்டை.
இடுப்புப் படங்குக்குள் டிங் என்கிறது,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
டீச்சர்தான். என்னவென்று எனக்கெப்படித் தெரியும்?

தராசடியில் கணக்கப்பிள்ளை
தண்ணிக்கென்று இரண்டு கிலோ வெட்டினார்.
படங்குக்குள் இருந்ததை
நிறுக்கவில்லை.

இரவு, பேட்டரி நாலு வீதம்.
மூச்சுவிடாமல் வாசிக்கிறாள்:
இலை வெயிலைக் கொண்டு சோறு ஆக்குமாம்.

"நம்ம மலையில ஏதுடி வெயில்?"

சிரிக்காமல்
அதையும் கொப்பியில் எழுதுகிறாள்,
நாளைக்கு டீச்சரிடம் கேட்க.