பொட்டு

மூன்று மணிக்கு, வார்டு தூங்கும் நேரம் பார்த்து
பதினோராம் கட்டிலுக்குப் பொட்டு வைத்தேன்.
பக்கக் கம்பியில் ஒன்று.
அழைப்பு மணியின் பொத்தானில் ஒன்று.
சொட்டு மருந்துத் தாங்கியில்,
கை தானாகப் போய்ப் பிடிக்கும் உயரத்தில், ஒன்று.
காய்ந்தால் காணாமல் போகும் பசை.
ஊதா விளக்குக்கு மட்டும் முகம் காட்டும்.

போன வாரம் இந்தக் கட்டிலில் கூய் இருந்தார்,
ஜெலுத்தோங் சந்தையில் மீன் வெட்டியவர்.
காலில் புண்ணோடு வந்தார்.
புண் ஆறிக்கொண்டுதான் இருந்தது.
அவரைக் கொண்டுபோனது
ஒன்பதாம் கட்டிலிலிருந்து வந்த ஒன்று.
கிருமிக்குக் கால் கிடையாது.
யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள்.

இப்போது அங்கே பாகான் அஜாம் ஆசிரியை,
புது முழங்காலோடு, வாய் திறந்து தூங்குகிறார்.

பொட்டு காயுமுன்
டத்தோ வந்துவிட்டார்,
பின்னால் நான்கு பயிற்சி மருத்துவர்கள்.
வழக்கமாய் ஐந்துக்கு வருபவர்;
இன்றைக்கு பாலத்தில் நெரிசலாம், முன்னமே கிளம்ப வேண்டுமாம்.
கம்பியில் கை ஊன்றி முழங்காலைப் பார்த்தார்.
நல்ல மனிதர். ஆசிரியையிடம் ஹொக்கியனில் ஏதோ சொல்லிச்
சிரிக்க வைத்தார்.

ஆறு மணிக்குத் தனபாக்கியம் துடைத்து முடித்தாள்.
திரையை இழுத்து, விளக்கை அணைத்து
ஊதாவைப் பிடித்தேன்.
பதினொன்றில் ஒன்றுமில்லை.
கம்பி இருட்டு, பொத்தான் இருட்டு, தாங்கி இருட்டு.
குளோரினில் வெடித்த அந்த விரல்கள்
ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆனால் பன்னிரண்டின் கம்பியில்
நான் வைக்காத நீலம், அரை விரல்.
பதின்மூன்றின் திரைச்சீலை ஓரத்தில் ஒரு தீற்றல்.
எங்கள் வார்டில் பதினான்கு கிடையாது;
நாலு என்று சொன்னால் சாவு என்று கேட்குமாம்,
எண்ணையே எடுத்துவிட்டார்கள்.
பதினைந்தில் மறுபடி மினுங்கியது,
பெருவிரல், ரேகையோடு.

"மிஸ்ஸி, எதாச்சும் விட்டுட்டேனா?"
வாளியோடு நின்றாள்.
விளக்கை அவள் கையில் கொடுத்தேன்.
கட்டில் கட்டிலாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
நேரம் எடுத்துக்கொண்டாள்.
"இத்தன வருசமா
இத வச்சா என்னையப் பார்த்தீங்க?"

பதில் இல்லை என்னிடம்.
படிவத்திலும் இல்லை.
அதில் இருப்பது ஒரே கட்டம்:
துப்புரவாளர் பெயர்.

விளக்கைத் திருப்பித் தரும்போது
வெளிச்சம் என்மேல் விழுந்தது.
சட்டைப்பையில் என் பேனா,
மூடியில் சின்னதாய் நீலம்.
கையுறையைக் கழற்றுமுன் அதைத் தொட்டிருக்கிறேன்.
போன வாரம் இதே பேனாவால்
ஒன்பதில் எழுதினேன், பிறகு பதினொன்றில்.

தனபாக்கியம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
துணியை முறுக்கிப் பிழிந்து
பன்னிரண்டுக்குப் போனாள்.

அளவுகோல் வைத்துப் படிவத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
புதுக் கட்டம்: கை யாருடையது.
முதல் வரியில் என் பெயர்.
அடுத்த வரி காலி,
நாளைக் காலை எட்டு மணி வரைக்கும்.

வார்டு வாசலில், கைகழுவும் தொட்டியருகே,
கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன்,
குரல் உடையாமல் வருமா என்று:
டத்தோ, கை.